இருபத்திமூன்று கையெழுத்துகள்

அந்தப் பள்ளியில் குறும்பு செய்பவர்களின் வண்டவாளமெல்லாம் ஒரு தடித்த நோட்டில் இருந்தது. கறுப்பு நோட்டு என்று பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கட்டிக் காத்தவர் விளையாட்டு ஆசிரியர். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் விசில் மாஸ்டர். ஆசிரியர்கள் அனுப்பும் புகார்ச் சீட்டுகளை மாலையில் உட்கார்ந்து அவரவர் பக்கத்தில் எழுதுவார். மறுநாள் காலை குற்றவாளியைக் கூப்பிட்டு, "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு" என்பார். இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்தில் கிடையாது என்பது அவர் எண்ணம்.

மற்ற பிள்ளைகள் லேசில் கையெழுத்துப் போட மாட்டார்கள். "நான் செருப்பை எறியல சார், தள்ளி வச்சேன்" என்று வார்த்தைக்கு வார்த்தை வக்கீல் மாதிரி வாதாடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு ரேடியோ மட்டும் அப்படியில்லை. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். வகுப்பில் ஆசிரியர்களின் பிராணனை வாங்குவாள். நோட்டை நீட்டினால் மட்டும் வாயே திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். கொழுப்பு என்று மாஸ்டர் நினைத்திருந்தார்.

இருபத்திமூன்று கையெழுத்து சேர்ந்துவிட்டது. தேர்விலோ ஒற்றை இலக்க மதிப்பெண். டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்த தலைமையாசிரியை, மதிய இடைவேளைக்கு அவள் அம்மாவை வரச் சொல்லிவிட்டார். அதற்குள் குற்றங்களைத் தொகுத்து அறிக்கை எழுத வேண்டியது மாஸ்டரின் பொறுப்பு.

பந்துகளும் வலைகளும் அடைத்துக் கிடந்த தன் அறையில் எழுதிக்கொண்டே வந்தவர், பதினோராவது குற்றத்தில் நின்றார். 'ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையை உடைத்தாள்.' தேதியைப் பார்த்தார். அன்று ரேடியோ பள்ளியிலேயே இல்லை. பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியவரே இவர்தான். வேறொருத்தியின் குற்றத்தை இவள் பக்கத்தில் எழுதித் தொலைத்திருக்கிறார். சரி, அது அவர் தப்பு. ஆனால் அதன் கீழே இருப்பது இவள் கையெழுத்தாயிற்றே.

ஆள் அனுப்பி அவளை வரவழைத்தார்.

"குடுவையை உடைச்சது நீ இல்ல. அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டே? யாரைக் காப்பாத்தறே?"

"எந்தக் குடுவை சார்?"

நோட்டை அவள் பக்கம் திருப்பினார். "இதோ. படி."

அவள் கை சட்டென்று நீண்டது. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து, நோட்டு, அறிக்கை, மாஸ்டரின் மடி எல்லாம் நனைந்தன. மாஸ்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. 'வெளியே போ' என்று கத்த வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் சொல்வதற்கு முன்பே அவள் வாசல் பக்கம் பாதி திரும்பியிருந்தாள்.

அவர் நோட்டை உதறித் துடைத்தார். குரலை இறக்கிக்கொண்டார். "உக்காரும்மா. நான் படிக்கறேன். நீ கேளு."

முதல் குற்றத்தைப் படித்தார். 'தமிழ் வகுப்பில் மேசையைத் தள்ளிவிட்டாள்.'

"தள்ளல சார், முட்டினேன்" என்றாள் ரேடியோ. "அன்னிக்கு மூணாவது பத்தி போயிட்டிருந்துச்சு. வரிசையா ஆளுக்கொரு பத்தி வாசிக்கணும். எனக்கு ரெண்டு பேர்தான் பாக்கி. டீச்சர் வெளிய அனுப்பிட்டாங்க, மிச்சத்தை ஜன்னலோரம் நின்னு கேட்டேன்."

"எந்தப் பாடம்?"

பாடத்தைச் சொன்னாள். பெயரை அல்ல, பாடத்தையே. முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கி, வாசித்தவர்கள் திக்கிய இடத்தில் தானும் திக்கி, டீச்சர் திருத்தியதைத் திருத்தி, ஒன்பது பத்திகளையும் சொல்லி முடித்தாள். மாஸ்டர் அலமாரியிலிருந்து பாடநூலை எடுத்து விரலால் தொடர்ந்து பார்த்தார். ஒரு சொல் பிசகவில்லை. அடுத்த குற்றம், அடுத்த பாடம். அறிவியல், வரலாறு, எதைக் கேட்டாலும் வந்தது. ஒவ்வொரு புகாருக்கும் மற்ற பிள்ளைகளைப் போலவே அவளும் வாதாடினாள். மூன்றில் ஜெயிக்கவும் செய்தாள். மாஸ்டர் பாடநூலை மூடி வைத்தார். இருபது வருடமாக எத்தனையோ ஓட்டக்காரர்களைப் பார்த்தவர் அவர். இப்படியொரு ஓட்டத்தை, அதுவும் முதல் வகுப்பிலிருந்து தன்னந்தனியாக ஓடியவளை, அவர் கண்டதில்லை.

"எழுத்தே தெரியாதா?"

"ஒண்ணொண்ணாத் தெரியும் சார். அடுத்ததைப் புடிச்சா முன்னாடி புடிச்சது கைநழுவிப் போயிடுது. வரி முடியறதுக்குள்ள ஆரம்பம் காணாமப் போயிடும்."

"யார்கிட்டயாவது சொல்ல வேண்டியதுதானே?"

அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திமிர் புடிச்சவன்னு சொன்னா பரவால்ல சார். மக்குன்னு மட்டும் சொல்லிடக் கூடாது."

வெளியே போ என்று ஆசிரியர்கள் சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் கேட்டதையே கொடுத்திருக்கிறோம் என்பது மாஸ்டருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்கு நடந்தார்.

தையல் ஆலைச் சீருடையோடு அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். டி.சி. விண்ணப்பமும் பேனாவும் தயாராக இருந்தன. மாஸ்டர் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது உட்பட விஷயத்தைச் சொன்னார். தலைமையாசிரியை நம்பவில்லை.

"படிக்கத் தெரியாம ஒன்பதாவது வரைக்கும் வர முடியுமா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

"விடுங்க டீச்சர்" என்று அம்மா குறுக்கிட்டு அவசரமாகப் பேனாவை எடுத்தார். "எங்க போடணும்னு காட்டுங்க, போட்டுடறேன். வேலைக்குத் திரும்பணும்."

"காரணம்னு போட்டு எழுதியிருக்கு. அதைப் படிச்சுட்டுப் போடுங்கம்மா. நாளைக்கு நாங்க சொல்லலைன்னு ஆயிடக் கூடாது."

அம்மா தாளைப் பார்த்தார். பேனா நின்றது. அவருடைய இடது கை மெல்ல மேசைமேல் ஊர்ந்து, தலைமையாசிரியையின் தண்ணீர் டம்ளரை நோக்கிப் போனது. அந்தக் கை எங்கே போகிறது என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. அவரைவிட முன்னதாக ரேடியோவுக்குத் தெரிந்தது. ஒரே எட்டில் வந்து டம்ளரை எடுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள். "உனக்குமா?"

அம்மா பேனாவைக் கீழே வைத்தார். மகளின் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு சுவருக்குள் ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் தெரியாமல், இரண்டு பேரும் இத்தனை வருடம் ஓடியிருக்கிறார்கள்.

தலைமையாசிரியை டம்ளரைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தை இழுத்து நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"கறுப்பு நோட்டை எடுத்துட்டு வாங்க மாஸ்டர்" என்றார். "முதல் பக்கத்துலேருந்து படிங்க. நாங்க மூணு பேரும் கேக்கறோம்."