இருபதாவது நிமிடத்தில் நிற்கும் வேன்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பெட்ரோல் டேங்க் மூடியில். மூடியின் நடுவே ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதைப் பற்றி எழுத உட்கார்ந்து ஐந்து நாள் ஆகிறது.

இதில் வரும் பெரியவர் நான்தான். ஆனால் ‘நான்’ என்று தொடங்கினால் பேனா என் பக்கமே சாய்கிறது. அதனால் ‘அவர்’ என்று எழுதப் போகிறேன். அடுத்தவரைப் பற்றி என்றால் எனக்கு உண்மை சரளமாக வரும்.

2

முதல் தொடக்கம்: “ஒருவர் கைநீட்டிப் பேச இடம் கொடுக்காமல் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்தில்...”

(அடித்துவிட்டேன். “வேன் கதைக்கு மூணு தலைமுறை எதுக்குங்க?” என்றாள் மனைவி. தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள்.)

இரண்டாவது தொடக்கம்: “பழைய வேன்தான் என்றாலும்...”

(வேண்டாம். ‘என்றாலும்’ வந்தாலே வக்காலத்து வந்துவிட்டது என்று பொருள்.)

மூன்றாவது: பெரியவரிடம் இருபத்தாறு வயதான வேன் ஒன்று இருந்தது. இருபது நிமிடம் ஓடும். பிறகு நின்றுவிடும்.

இது இருக்கட்டும்.

3

ஆரம்பத்தில் அந்த வேன் அப்படி நிற்கும் வண்டி இல்லை. பெட்ரோல் முள் மட்டும் பாதியிலேயே உறைந்திருக்கும். இடது கதவை மூடக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். இதெல்லாம் குறையா? வீட்டு மனிதர்களுக்கு இதைவிட அதிகம் உண்டு. மூன்று பிள்ளைகளும் அதில் தூங்கித்தான் வளர்ந்தார்கள். பெரியவர் தினம் அதைத் துடைப்பார். துடைக்கும்போது பேசுவார். (பேசவில்லை. முணுமுணுப்பார். சரி, பேசுவார்.)

வேனுக்கு வைத்தியம் பார்ப்பது மச்சினன், மனைவியின் தம்பி. தகரக் கூரை போட்ட கொட்டகையில் இருபது வருடமாக மெக்கானிக்.

இனி சம்பந்தி. பெரியவர் மகளின் மாமனார். பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருப்பவர். அவரிடமும் மூன்று வேன்கள் உண்டு. அவற்றை மச்சினனிடமே பராமரிக்கக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. அந்த வேலை வந்தால் கொட்டகையை விரிவாக்கலாம் என்று மச்சினன் கம்பம்கூட நட்டுவிட்டான்.

ஒருநாள் சம்பந்தி பெரியவரின் வேனில் ஏறினார். போகும் வழியில் கைக்குட்டையை மூக்கில் வைத்தார்.

“பெட்ரோல் வாசனை லேசா இருக்கு போல, சம்பந்தி.”

லேசாகத்தான் சொன்னார். பெரியவருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தார். மூடியைச் சுற்றி ஈரம், நடுவே ஓட்டை. நம் வண்டியில் ஓட்டையா? பசை வைத்து அடைத்தார். மேலே வேனின் நீல நிறத்திலேயே பெயிண்ட் பூசினார். வேலை சுத்தம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

4

மறுவாரம் வேன் ஆஸ்பத்திரி மேட்டில் நின்றது. மச்சினன் ஸ்கூட்டரில் வந்து சேர அரை மணி ஆனது.

“எவ்வளவு நேரம் ஓடுச்சு அத்தான்?”

“உங்க அக்கா புலம்ப ஆரம்பிச்சு முடிக்கிற வரைக்கும்.”

“அப்ப ரெண்டு நாள் ஓடியிருக்கணுமே!”

(இந்த வரியை எடுக்கச் சொல்கிறாள். எடுக்க மாட்டேன்.)

முள் வேலை செய்யாததால் மச்சினன் முதலில் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு மூடுவான். பிறகு சாவியைத் திருப்புவான். வேன் கிளம்பிவிடும்.

“என் தம்பியைப் பாத்தா வண்டிக்கே மரியாதை” என்பாள் மனைவி. பெரியவருக்குச் சுருக்கென்று இருக்கும்.

மச்சினன் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். அடுத்த முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பிறகு இக்னிஷன் காயிலை மாற்றினான். பிறகு பம்ப். ஒவ்வொரு முறையும் நாலு தெரு ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பான். அவன் கையில் ஓடியது. பெரியவர் கையில் இருபதாவது நிமிடம் நின்றது.

“உங்ககிட்ட மட்டும்தான் அடம் பிடிக்குது அத்தான்.”

“அதுக்கு ஆள் தெரியுமாடா?”

“தெரியுமோ என்னவோ. நான் அதைத் திட்டுறதில்ல.”

கடைசியில் வேன் சம்பந்தியின் தொழிற்சாலை வாசலிலேயே நின்றது. பத்துப் பேர் வந்து தள்ளினார்கள். சம்பந்தி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கி வந்தார். அப்போது பெரியவர், நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடி, எல்லார் முன்னிலையிலும் சொன்னார்:

“எல்லாம் என் மச்சினன் கைவரிசை. ஸ்பேனர் பிடிச்சவனெல்லாம் மெக்கானிக்கா?”

(மூன்று முறை இதை மென்மையாக்கிப் பார்த்தேன். சொன்னது இதுதான்.)

மூன்று வேன்களைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது. சம்பந்தி வேறு ஒர்க்‌ஷாப் பார்க்கிறார் என்று மகள் சொன்னாள். மச்சினன் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். நட்ட கம்பம் மட்டும் கூரையில்லாமல் நின்றது.

5

அடுத்த முறை மேட்டில் நின்றபோது கூப்பிட ஆள் இல்லை. பக்கத்து இருக்கையில் மனைவி இருந்தாள். பெரியவருக்கு வேன் வைத்தியம் எதுவும் தெரியாது. மச்சினன் செய்வதை அதே வரிசையில் செய்து பார்ப்போம் என்று இறங்கினார். முதலில் மூடி.

திருகினார். உஸ்ஸ்ஸ்.

டேங்க் நீளமாகக் காற்றை இழுத்தது. முங்கி எழுந்தவன் மூச்சு வாங்குவது போல.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வருவதற்கு மூடியில் ஓட்டை வைத்திருந்தார்கள். அடைத்தபின் வெற்றிடம் பெட்ரோலைப் பின்னுக்குப் பிடித்துக்கொண்டது. மச்சினன் வந்து சேரும் அரை மணியில் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போயிருக்கும். அதனால் இந்தச் சத்தம் அவன் காதில் விழுந்ததே இல்லை.

பெரியவர் மூடியைக் கையில் வைத்துப் பார்த்தார். பெயிண்ட் இன்னும் பளபளப்பாக இருந்தது.

“என்னங்க சத்தம்?”

“ஒண்ணுமில்ல.”

வேன் கிளம்பியது. வீடு வரும்வரை மனைவி வேறெதுவும் கேட்கவில்லை. முப்பது வருடத்தில் அவள் அப்படிக் கேட்காமல் இருந்தது

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

6

முடிவு அ: பெரியவர் ரகசியமாக ஓட்டையைத் திறந்துவிடுகிறார். வேன் ஓடுகிறது. ‘புது மெக்கானிக் சரிசெய்துவிட்டார்’ என்று ஊர் நம்புகிறது. எழுத எளிது. படித்துப் பார்த்தேன், பெரியவரைப் பிடிக்கவில்லை.

முடிவு ஆ: பெரியவருக்கு நெஞ்சுவலி. எல்லாரும் மன்னிக்கிறார்கள். இது கோழைத்தனம். தவிர, எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

முடிவு இ-யை எழுதியவன் மச்சினன்.

நேற்று பெரியவர் கொட்டகைக்குப் போனார். மச்சினன் ஒரு காருக்கு அடியில் கிடந்தான். கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களிடம்தான் பெரியவர் எல்லாவற்றையும் சொன்னார். முகம் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா, தெரியாது.

பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

“பெயிண்ட் வேற அடிச்சீங்களா?”

“ரெண்டு கோட்டு.”

சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்று கேட்டது. மச்சினன் வெளியே வந்து கையைத் துடைத்தான்.

“நானும்தான் பத்து தடவ அந்த மூடியைத் திறந்தேன். ஓட்டை எங்கேன்னு பாக்கல. எனக்கும் பங்கு இருக்கு. தூசி அடைச்சிருந்துச்சு, நான் கவனிக்கலன்னு சம்பந்திகிட்ட சொல்லிக்கலாம் அத்தான். அவர் முன்னாடி நீங்க தலை குனிய வேணாம்.”

“அப்ப உனக்கு வர வேண்டிய வேலை?”

“போனா போகுது. உங்க பேரு கெட வேணாம்.”

பெரியவர் வீட்டுக்கு வந்தார். குடும்ப மானம் குடும்ப மானம் என்று வாழ்நாளெல்லாம் காவல் காத்தவர். அந்தக் குடும்பத்தில் இவனைச் சேர்க்காமலே கணக்குப் போட்டிருக்கிறார். சேர்க்காதவன் அவருக்காகத் தன் பெயரைத் தூக்கிக் கொடுக்கிறான். அதை வாங்கிக்கொள்ளப் பெரியவரின் கை நீளவில்லை.

என் கை நீளவில்லை.

7

மற்ற வாசகர்கள் பொறுத்தருள்க. இந்தக் கதை முதலில் ஒருவர் கைக்குப் போகிறது.

சம்பந்தி அவர்களே, பெயர் போடாவிட்டாலும் உங்களை அடையாளம் கண்டிருப்பீர்கள். தூசி எதுவும் அடைக்கவில்லை. அடைத்தவன் நான். என் மச்சினன் கை சுத்தமான கை. அன்று வாசலில் பத்துப் பேர் முன்னிலையில் சொன்னதை அந்தப் பத்துப் பேர் முன்னிலையிலேயே திரும்பப் பெறப் போகிறேன்.

வியாழக்கிழமை வேறு ஒர்க்‌ஷாப்பை முடிவு செய்யப் போகிறீர்கள் என்று கேள்வி. உங்கள் மூன்று வேன்களும் அன்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நான் எழுத முடியாது. அதை நீங்கள் எழுதக் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.

தபாலில் அனுப்பவில்லை. நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை என்னை உட்காரச் சொல்ல வேண்டாம்.