வாயிற்காவலனின் பாய்ச்சல்

அலுவலகத்தில் அவளை 'நீதிபதி' என்றுதான் கூப்பிடுவார்கள். வாள்சண்டை வீடியோ விளையாட்டுகளில் வரும் அரக்கர்களை வடிவமைப்பது அவள் வேலை. எவ்வளவு கடினமான அரக்கனாக இருந்தாலும் சரி, ஆடுகிறவர் ஏமாறக் கூடாது என்பதில் பிடிவாதக்காரி. "தோக்கட்டும். ஆனா ஏன் தோத்தோம்னு தெரியணும்" என்பாள்.

புது விளையாட்டில் வாயிற்காவலன் என்ற அரக்கனை அப்படித்தான் செதுக்கியிருந்தாள். கோடரியை ஓங்குவதற்கு முன் அவன் இடது தோள் சரியும். அவன் தொடர்ந்து சில வீச்சு வீசிவிட்டால் கோடரியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவான். அந்த இடைவெளியில் மருந்துக் குப்பியைக் குடித்து உயிர் ஏற்றிக்கொள்ளலாம். கவனித்தவர் பிழைப்பார், அவசரப்பட்டவர் சாவார்.

கம்பெனியை நடத்தியவனுக்குப் பட்டப்பெயர் தாடி. அவளோடு ஒன்றாகப் படித்தவன். சோறு தண்ணி மறந்து இருவரும் சேர்ந்து வளர்த்த கம்பெனி அது. வெளியீட்டு விழாவில் அவன்தான் மைக்கை அவள் கையில் திணித்தான். "நீயே பேசு. நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

அவளும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்: "எங்க அரக்கன் உங்கள அடிப்பான், ஏமாத்த மாட்டான். நீங்க செத்தா அது உங்க தப்புதான்." அரங்கம் கைதட்டியது. தாடி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

அவள் கணவனின் அக்கா கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. இந்த மாதிரி விளையாட்டுகளில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை அவள் அவர் வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் டிவி முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உன் காவலன் கள்ளன்டி. நான் குப்பிய எடுத்தாலே பாயுறான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அண்ணி" என்று சிரித்தாள் அவள்.

"எங்க, நீயே வந்து பாரு."

அண்ணி திரையில் தன் வீரனை மண்டபத்தின் கடைசி மூலைக்கு ஓட்டினார். காவலன் எதிர்க் கோடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். அண்ணி கைப்பிடியில் மருந்துக்கான பொத்தானை அழுத்தினார். திரையில் வீரனின் கை இடுப்புக் குப்பியைத் தொடக்கூட இல்லை. காவலன் தோள் சரியாமல், மூச்சை முடிக்காமல், ஒரே தாவில் வந்து வெட்டினான்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பிடியை வாங்கித் தானே ஆடினாள். சும்மா நின்றபோது காவலன் ஒழுங்காக நடந்துகொண்டான். பொத்தானைத் தொட்டதுமே பாய்ந்தான். கண்ணால் பார்த்துத் தப்பிக்க வழியே இல்லை. அவன் எதிராளியைப் பார்த்து அடிக்கவில்லை. விரலைப் பார்த்து அடித்தான்.

"இது நான் பண்ணது இல்ல அண்ணி" என்றாள்.

மறுநாள் நேராகத் தாடியின் அறைக்குப் போனாள்.

"காவலன் பொத்தானப் பாத்துப் பாயுறானா?"

தாடி எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பதில் அதிலேயே வந்துவிட்டது.

"கடைசி நேரத்துல சேத்தேன். சோதிச்சுப் பாத்தவங்க ரொம்ப லேசா ஜெயிச்சுட்டாங்க. கஷ்டமான விளையாட்டுன்னு பேர் வாங்கணும்ல?"

"என்கிட்ட சொல்லியிருந்தா மூச்சு வாங்குற நேரத்தக் குறைச்சிருப்பேன். அடிய மாத்தியிருப்பேன். அதுக்கு எத்தனையோ வழி இருக்கு."

"அதுக்கெல்லாம் நேரம் எங்க இருந்துச்சு? சொன்னாலும் நீ ஒத்துக்க மாட்ட."

"அப்புறம் எதுக்குடா என்னை மேடையேத்தின?"

தாடி தலையைச் சொறிந்தான். "நீ நம்பிச் சொன்னதாலதான் அது எடுபட்டுச்சு. உனக்குத் தெரிஞ்சிருந்தா முகமே காட்டிக் குடுத்திருக்கும்."

மைக்கை நீட்டியபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் நாணயத்தைத்தான் அவன் திரைச்சீலையாகத் தொங்கவிட்டிருக்கிறான்.

"அதை எடுத்துடு. எடுத்துட்டு உண்மையச் சொல்லு."

"இப்பப் போய்ச் சொன்னா மானம் போகும். ஜனங்க அழுது புலம்பிக்கிட்டே ஆடுறாங்க, நல்லாத்தானே போகுது? விட்டுத் தள்ளு."

அவள் விடவில்லை. ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் அன்று மாலையே எழுதினாள்: 'மேடையில் நான் சொன்னது பொய். அப்போது எனக்குத் தெரியாது. காவலன் உங்களை ஏமாற்றுகிறான். நீங்கள் செத்தது உங்கள் தப்பு அல்ல.' தாடியின் பெயரை எழுதவில்லை. எழுதி முடித்ததும் ராஜினாமாவையும் அனுப்பிவிட்டாள்.

பலர் நன்றி சொன்னார்கள். சிலர், மாட்டிக்கொண்டதும் பத்தினி வேஷம் போடுகிறாள் என்று ஏசினார்கள். கம்பெனி அந்தப் பாய்ச்சலை அவசரமாக நீக்கிவிட்டு, 'சிறு பிழை திருத்தப்பட்டது' என்று அறிவித்தது.

தாடி போனில் அழைத்தான். குரல் உடைந்திருந்தது.

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே. உன்னைப் போய் நம்பினேன் பாரு!"

கேலி செய்கிறான் என்று முதலில் நினைத்தாள். இல்லை, நிஜமாகவே அழுதான். அவனுக்கு இன்னும் விளங்கவே இல்லை என்பது அவளுக்கு விளங்கியது.

"சாமான் எடுக்க நாளைக்கு வரேன்" என்று சொல்லி போனை வைத்தாள்.

போனபோது தாடியின் அறைக் கண்ணாடியில் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. பக்கத்து மேசைக்காரன் எழுந்து அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான். லிஃப்ட் வந்ததும் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, அவளுக்காகக் கீழ்த்தளப் பொத்தானை அழுத்தினான்.