எல்சிராவின் தலைக்கு மேல் ஒரு முட்டை

எல்சிரா பெனித்தெஸின் தலைக்கு மேல் ஒன்பது ஆண்டுகள் ஒரு கோழிமுட்டை அந்தரத்தில் நின்றது. எறிந்தவன் அவளுடைய அண்ணன் அன்செல்மோ. படிப்பை முடித்தவரைப் பல்கலைக்கழக வாசலிலேயே முட்டையாலும் மாவாலும் குளிப்பாட்டுவது கொரியென்டெஸ் ஊர் வழக்கம். முடிக்காதவர் மேல் மட்டும் எறியவே கூடாது. ஆற்றுக் கொசுக்களைப் பற்றிய தன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைத்தான் எல்சிரா அன்று கொடுத்திருந்தாள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தது தப்பாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து அந்த அவசரக்குடுக்கை வீசிவிட்டான். முட்டை அவள் தலைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றுகொண்டது.

ஊர் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிவிட்டது. ஒழுங்காக எழுதினால் முட்டை நகக்கண் அளவு இறங்கும். எழுதியதை அடித்தால் ஏறும். "எப்ப முடிப்ப?" என்று உறவினர்கள் குடைவது அடியோடு ஒழிந்தது, வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் காப்பி குடித்தார்கள். மருந்துக்கடை ரமோனாவுக்குத்தான் வாய் அடங்காது. "போன மாசத்தைவிட மேல நிக்குதே, ஊரு சுத்துனியாக்கும்?" என்பாள். எல்சிராவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மார்ச்சுக்குள் முடிக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று பல்கலைக்கழகம் சொன்ன அதே வாரம், பேராசிரியர் மூன்றாம் அத்தியாயத்தைச் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார். முட்டை அவள் வீட்டுக் கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு மேலே போய்விட்டது. எல்சிரா அழுதுகொண்டே அன்செல்மோவின் சைக்கிள் கடைக்குப் போனாள்.

"போதும்ணா. நான் எழுதிக் கிழிச்சது போதும்."

"அதெப்படி விடுவ? எறிஞ்சது நான்டி. அது விழுற வரைக்கும் ஊரு என்னையத்தான் திட்டும்."

"நீ மட்டும் பாதியில விடலாமா?"

அன்செல்மோ அடுப்பில் வெந்நீர் வைத்தான். ஆற்று மணலைப் பற்றி அவன் பாதி எழுதிப் போட்ட ஆய்வேடு, பழைய டயர்களுக்கு அடியில் ஒரு ஆப்பிள் பெட்டியில் கிடந்தது. வெந்நீரை ஊற்றி, மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீர் கலந்து அவளிடம் நீட்டினான். "குடி. குடிச்சிட்டுப் போய் எழுது" என்றான். அவளும் குடித்தாள், போய் எழுதினாள். அங்கே டிசம்பரில் தொடங்கும் கோடை முடிவதற்குள் முட்டை அவள் முடியைத் தொட்டது.

மார்ச்சில் மூன்று தேர்வாளர்கள் காலை முழுவதும் அவளைக் கொசுக்களைப் பற்றியே துளைத்தெடுத்தார்கள். "ஏற்றுக்கொள்கிறோம்" என்று தலைவர் சொன்னதும் முட்டை உடைந்தது. ஒன்பது வருடத்து நாற்றத்துக்குப் பயந்து முன்வரிசை மூக்கைப் பொத்தியது. ஆனால் மஞ்சள் கரு அன்று காலை இட்டதுபோல் இருந்தது. காதோரமாக அது ஒழுக ஒழுக எல்சிரா அழுதாள், சிரித்தாள், தேர்வாளர்களையெல்லாம் கட்டிப்பிடித்து அவர்கள் கோட்டுகளையும் பாழாக்கினாள்.

வாசலில் தெருவே திரண்டிருந்தது. மாவு பறந்தது, முட்டைகள் உடைந்தன. கடைசியாக அன்செல்மோ வந்தான். "நிஜமாவே முடிஞ்சுதா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் வீசினான். பாதி வழி போன முட்டை திரும்பி வந்து, அவன் தலைக்கு மேலேயே நின்றது. நல்ல உயரத்தில், தெருவிளக்குக்குப் பக்கத்தில்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எல்சிரா கண்ணில் இருந்த மாவைத் துடைத்தாள்.

"அந்தப் பெட்டி இன்னும் டயருக்கு அடியிலதானண்ணா இருக்கு?"

மறுநாளிலிருந்து சைக்கிள் கடை மதியத்துக்கு மேல்தான் திறந்தது. பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் கூரையில் புதிதாக விழுந்திருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.