சலூனில் உட்கார்ந்திருந்த புள்ளி

லிஃப்ட் மெக்கானிக்கின் தலையில் மொத்தமே ஒரு கைப்பிடி முடிதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு வாரம் மூன்று முறை சலூனுக்குப் போகிறவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். சரியாகச் சொன்னால், போனது அவர் இல்லை, அவருடைய போன்.

எல்லாம் மனைவிக்குக் கொடுத்த வாக்கில் ஆரம்பித்தது. கூட வேலை பார்த்த ஒருவர் லிஃப்ட் குழிக்குள் தனியாக இறங்கினார், உயிரோடு ஏறவில்லை. துக்கம் விசாரித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி பிடித்துக்கொண்டாள்.

"குழிக்குள்ள தனியா இறங்க மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னார்.

"போனைக் குடுங்க."

கொடுத்தார். அன்றிலிருந்து அவர் அவளுடைய போன் மேப்பில் ஒரு நீலப் புள்ளி, அவள் அவருடைய போனில் ஒரு நீலப் புள்ளி. அவளுடையது மருந்துக்கடை கவுன்ட்டரை விட்டு நகராது. இவருடையது எங்காவது சற்று நின்றால் போதும், போன் அடிக்கும்.

"ஏங்க, ஏன் ஒரே இடத்துல நிக்கிறீங்க?"

"இங்க லிஃப்டே நிக்குதும்மா. அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

சிரிப்பாள். சிரித்துவிட்டு, "கூட யாரு? அவர்கிட்ட குடுங்க" என்பாள்.

அங்கேதான் மாட்டிக்கொள்வார். கம்பெனியில் ஆள் பஞ்சம். பாதி நாள் கூட யாருமே இருக்க மாட்டார்கள். ஒருநாள் குழிக்குள் கால் வைத்த நேரத்தில் சட்டைப்பையில் போன் அலறி, பிடி நழுவப் பார்த்தது. "இவ அக்கறையே என்னைக் கொன்னுடும்" என்று சலூன்காரரிடம் புலம்பினார். பாலிய சிநேகிதர்களான அந்த இரண்டு மேதைகளும் சேர்ந்து கண்டுபிடித்த வழிதான் இது. குழி வேலை இருக்கும் நாட்களில் போன் சலூனில் இருக்கும். வேலைக்கு நடுவே மெக்கானிக் அங்கே இளைப்பாறுகிறார் என்று கதை.

"தங்கச்சி கூப்பிட்டா என்னடா சொல்ல?"

"ஷேவிங்ல இருக்கான், வாயைத் தொறந்தா வெட்டிடும்னு சொல்லு."

"ஒவ்வொரு தடவையும் ஷேவிங்கா? உன் மூஞ்சியில அதுக்குச் சரக்கு இல்லையேடா!"

அன்று விடுமுறை நாள். பூட்டிக் கிடந்த ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. லிஃப்டை எந்த அவசரத்திலும் நிறுத்துவதற்காகக் குழிக்குள் ஒரு சுவிட்ச் உண்டு. அது வேலை செய்யவில்லை. அதை மாற்ற வேண்டும். லிஃப்டை இரண்டாவது மாடியில் நிறுத்திவிட்டு, மின்சாரத்தை அணைத்தார். அணைத்த சுவிட்சுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்பது விதி. பூட்டு, லீவில் இருந்த கூட்டாளியின் பையில் இருந்தது. போகட்டும், வாய் இருக்கிறதே என்று காவலாளியிடம் சொன்னார்.

"சுவிட்சைத் தொடாதீங்க. என்னைத் தேடி யாரு வந்தாலும், வரலைன்னு சொல்லிடுங்க."

"யாரு, மேனேஜரா?"

"அவருக்கும் மேல. வீட்டம்மா."

காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

தரைத்தளத்துக் கதவைத் திறந்து, மூடாமலிருக்க ஒரு கட்டையைச் செருகிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். துருப்பிடித்த ஏணிப்படி ஒடிந்தது. விழும்போது கை பட்டுக் கட்டையும் கூடவே விழ, மேலே கதவு நிதானமாகச் சாத்திக்கொண்டது. டார்ச் எங்கோ உருண்டு அணைந்தது. கணுக்கால் கொழுக்கட்டையாக வீங்கியது. எழுந்து நின்றால் தலை கதவின் அடிப்பக்கம் வரை வந்தது. ஆனால் உள்ளிருந்து கதவைத் திறக்கும் கொக்கி கதவின் உச்சியில். ஏணிப்படியும் ஒடிந்திருக்க, ஒற்றைக்காலில் அது எட்டாது.

ஸ்பேனரால் தட்டினார். கத்தினார். காவலாளி இருப்பதோ வெளிவாசலில்.

போன் கையில் இருந்திருந்தால்? குழிக்குள் சிக்னல் கிடைக்காதுதான். ஆனால் புள்ளி இந்தக் கட்டடத்தின் மேல் அப்படியே நின்றிருக்கும். கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லையென்றால் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருப்பாள். இப்போதோ புள்ளி சலூன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அவள் நிம்மதியாக மாத்திரை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அந்த நிம்மதிதான் அவரை முதல்முறையாகப் பயமுறுத்தியது.

தலைக்கு மேலே ஏதோ உறுமியது.

மின்சாரம் வந்துவிட்டது. சுவிட்சை எவனோ போட்டுவிட்டான். அழைக்கும் பொத்தானை யாராவது அமுக்கினால் லிஃப்ட் இறங்கும். அதை நிறுத்த வேண்டிய சுவிட்ச் அவர் கைக்குப் பக்கத்திலேயே, செத்துப்போய் இருந்தது.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம். "இல்லைன்னு சொன்னா எப்படி? சலூன்கார அண்ணன்தான் அனுப்பினாரு. ஒவ்வொரு மாடியா நானே பாத்துக்கறேன்."

அவள் குரல். ஸ்பேனரை ஓங்கிக் கதவில் அடித்தார். அவர் அடித்ததும் அவள் பொத்தானை அமுக்கியதும் ஒரே நேரத்தில் நடந்தன. இருட்டே ஒரு கட்டையாகத் திரண்டு அவரை நோக்கி இறங்கியது. நின்றால் போச்சு. குப்புற விழுந்தார். தோளை எதுவோ உரசி இழுத்துவிட்டு நின்றது. லிஃப்டின் அடிவயிறு முதுகுக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் சூடாக மூச்சு விட்டது.

மணி ஒலித்துக் கதவு திறந்தது.

"ஏங்க?"

"உள்ள ஏறாத! எதையும் தொடாத! கரன்ட்டை அணைக்கச் சொல்லு!" என்று கீழிருந்து அலறினார்.

அணைத்தார்கள். கம்பெனி ஆள் வந்து லிஃப்டைக் கையால் மேலே ஏற்றினால்தான் அவர் வெளியே வர முடியும். வேறொரு காவலாளி சொன்னது இடுக்கு வழியே கேட்டது. "நான் மதியம்தான் டூட்டிக்கு வந்தேன்க்கா. போனவரு, மெக்கானிக்கைக் கேட்டா வரலைன்னு சொல்லுன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. சுவிட்ச் விஷயம் சொல்லவே இல்லை. அணைஞ்சு கிடந்துச்சு, நான்தான் போட்டேன்."

சலூன்காரருக்கு ரொம்ப நேரமாகியும் ஆள் திரும்பாததில் பயம் பிடித்து, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டியிருக்கிறார். லிஃப்ட் வாசலோரம் அவள் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

"அடி பட்டிருக்கா?"

"கால்ல கொஞ்சம். தலைமுடி பத்திரம், கவலைப்படாத."

அவள் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"நான் பொத்தானை அமுக்கினப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

உள்ளதைச் சொன்னால் அவள் இனி எந்தப் பொத்தானையும் தொட மாட்டாள். தூங்கவும் மாட்டாள்.

"ஓரமா. சுவத்தோட ஒட்டி. அங்க ஒண்ணும் ஆகாது."

"நிஜமா?"

"நிஜமா."

தூரத்தில் கம்பெனி வண்டி வந்து நின்றது. அவர் அவசர அவசரமாகத் தோளைத் தடவிப் பார்த்தார். சட்டை கிழிந்து, லிஃப்டின் அடியிலிருந்த கிரீஸ் பட்டையாக அப்பியிருந்தது. இருட்டிலேயே உள்ளங்கையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது முதுகு வரை பரவியது.