நொரிகோ சொன்ன சுலபமான பாட்டு

நொரிகோ ஜப்பானுக்குத் திரும்ப ஐந்து நாள் இருந்தது. சனிக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட் கிளப்ஹவுஸில் அவளுக்கு வழியனுப்பு விழா. அதில் ஒரு ஜப்பானியப் பாட்டை நான் பாடுவதாகவும், இருவரும் கிட்டார் வாசிப்பதாகவும் ஏற்பாடு.

1986 ஆகஸ்ட். அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் அண்ணன் வீட்டில் தங்கி, நொரிகோ வேலை பார்த்த ஆய்வுக்கூடத்திலேயே நானும் வேலை பார்த்தேன். தனியாக எங்கும் பாடியதில்லை. சர்ச் பாடகர் குழுவில் கடைசி வரிசை.

கிட்டாரோடு பாடச் சுலபமானவை என்று அவள் ஏழு பாட்டுகளை எழுதித் தந்திருந்தாள். முதலாவதுதான் எல்லாவற்றிலும் சுலபம் என்று அதன் இசைத்தட்டையும் கொடுத்தாள். சைக்கிளை விற்றுவிட்டு வீட்டுக்கு நடந்து போகிறவரின் பாட்டு. வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதி, மேலே கிட்டாரில் பிடிக்க வேண்டிய கார்டுகளைக் குறித்திருந்தாள். ஜி, சி, டி, ஈ மைனர். நான்கே நான்கு.

ஆனால் அவை இசைத்தட்டோடு சேரவில்லை. கிட்டாரின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கும் கேப்போவை மூன்றாம் கட்டத்தில் மாட்டியதும் ஏறக்குறையச் சேர்ந்தன. பாட்டு வேகமாக ஓடியது. உச்ச வரி என் குரலுக்கு எட்டவில்லை. மூன்று வாரமாகத் தினமும் அந்த வரியில் குரல் உடைந்தது.

“பக்கத்து வீட்டுக்காரன் போலீஸுக்கு கால் பண்ணிடப் போறான் செல்வி,” என்றான் அண்ணன்.

“நீங்க பேசாதீங்க,” என்றாள் அண்ணி கிருபாராணி. “ரெக்கார்டை எல்லாம் மெட்ராஸ்ல விட்டுட்டு வெறும் பிளேயரைத் தூக்கிட்டு வந்த ஆளு. இப்பத்தான் அதுல முதல் பாட்டே கேக்குது.” என்னிடம் திரும்பினாள். “முடியலைன்னா அந்தப் பொண்ணே பாடட்டுமே. நீ கிட்டார் மட்டும் ப்ளே பண்ணு.”

“இல்ல அண்ணி. நான்தான் பாடுவேன்.”

வியாழக்கிழமை மாலை நொரிகோ தன் கிட்டாரோடு வந்தாள். என் கேப்போவைப் பார்த்து, “அது எதற்கு? பாடகர் அது இல்லாமல்தானே பாடுகிறார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“பாடகரா? பாடுவது பெண் இல்லையா?”

“மீசை வைத்தவர்!”

இசைத்தட்டைப் போட்டேன். நொரிகோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பிளேயரைக் குனிந்து பார்த்தாள். டோக்கியோவில் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி, ஒசாகாவில் அறுபது. அங்கே வீடு மாறியபோது தங்கள் பழைய பிளேயரும் இப்படித்தான் வேகமாக ஓடியது என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. மெட்ராஸிலும் ஐம்பது, இங்கே அறுபது. பிளேயருக்கு 220 வோல்ட் வேண்டும் என்று டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டியவள் நான். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், சுழற்சியை மாற்றாது. மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடியது, சுருதியும் மூன்று கட்டம் ஏறியது. பி.எஸ்ஸி. இயற்பியலில் நான் முதல் வகுப்பு.

“மூணு வாரமா மீசைக்காரரை பொம்பளையா ஆக்கி வச்சிருந்தியா?” என்று அண்ணி சமையலறையிலிருந்து கத்தினாள்.

இரண்டு நாளில் மாற்றிப் பழகுவது கஷ்டம், வேண்டுமானால் தானே பாடுகிறேன் என்றாள் நொரிகோ. நான் கேப்போவைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

“முதலிலிருந்து தொடங்கலாம்.”

தாழ்ந்த சுருதி குரலுக்கு உடனே அமைந்தது. வேகம்தான் அடங்கவில்லை. மூன்று வாரம் ஓடிய நாக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இசைத்தட்டின் உறையில் 3:36 என்று அச்சிட்டிருந்தது. எங்கள் பிளேயரில் அது மூன்றே நிமிடம். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்து ஸ்டாப்வாட்ச்சைக் கேட்டு வாங்கி வந்தேன். முதல் முறை 3:05. இரவு சாப்பாட்டுக்கு முன் 3:19. சனிக்கிழமை மதியம் 3:34. அதற்குமேல் அளக்கவில்லை.

கிளப்ஹவுஸில் நாற்பது பேர் இருந்தார்கள். முன் வரிசையில் அண்ணனும் அண்ணியும். உட்கார்ந்தே பாடினேன்.

இரண்டாவது சரணத்தில் ஒரு சொல் மறந்தது. நொரிகோ அதே கார்டை மீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சொல் வந்தது, தொடர்ந்தேன். உச்ச வரியில் கத்த வேண்டியிருக்கவில்லை. குரல் அங்கே போய் நின்றது.

பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். இன்னும் ஒரு சரணம் இருந்தது. சத்தம் அடங்கும்வரை மீட்டிக்கொண்டே இருந்து, அதையும் பாடினேன்.