கீழே உட்காரும் அறை

தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது யார், காய்கறி வாங்கி வருவது யார் என்று அக்காவுக்கு உள்ளூர ஒரே கவலை. அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். கவலையை அவள் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் தம்பி பிழைத்திருப்பான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எப்போதோ ஒரு இரும்பு எடை இடது பாதத்தின் மேல் விழுந்து ஐந்து விரல்களும் போய்விட்டன. சாக்ஸின் முனையில் பஞ்சை அடைத்து, அதன்மேல் ஷூ போட்டு நடப்பான். லேசாகத் தாங்கி நடக்கிறான் என்பதற்கு மேல் வெளியாள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவன் கட்டிக்கொள்ள இருந்த மருந்துக்கடைப் பெண்ணிடம் இதைச் சொல்லிவிடத்தான் அவன் துடித்தான். அவளோ முதல் கல்யாணம் முறிந்த கதையை ஒளிவுமறைவில்லாமல் அவனிடம் கொட்டியிருந்தாள். அந்த மனுஷன் எல்லாவற்றையும் மறைத்தான், அதைத்தான் தாங்க முடியவில்லை என்றும் சொல்லியிருந்தாள்.

"இப்ப வாயத் தொறக்காத," என்று தடுத்தது அக்காதான். "நேரம் பாத்து நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

அக்கா பேச்சைத் தட்டிப் பழக்கமில்லாத மடையன், தலையை ஆட்டினான்.

அக்கா பார்த்த நேரம் சனிக்கிழமை மதியம். இடம், புதிதாகத் திறந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடை. மூன்று பேருக்கும் இழுத்து மூடும் கதவு வைத்த சின்ன அறை. தரையில் பாய், முழங்கால் உயரத்துக்கு ஒரு மேசை. ஷூவை வாசலிலேயே விட வேண்டுமாம்.

"நாற்காலி போட்ட மேசை இல்லையா?" என்று பரிமாறும் பெண்ணைக் கேட்டான்.

"நிறைய காலியா இருக்கு சார். மேடம்தான் கீழ உக்கார்ற ரூமே வேணும்னு போன்ல சொன்னாங்க."

"ஒரு மாறுதலா இருக்கட்டுமேன்னுதான்," என்று அக்கா சிரித்தாள்.

சாக்ஸ் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு காலைப் பின்னால் மடித்து உட்கார்ந்தான். எதிரே மருந்துக்கடைப் பெண் இரண்டு குச்சிகளோடு மல்லுக்கட்டினாள். சோற்றின் மேல் மீன் வைத்த உருண்டை வாய்க்குப் போகும் வழியில் சாஸ் கிண்ணத்தில் விழுந்தது. அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தான்.

"கால் மரத்துப் போயிரும்டா," என்றாள் பக்கத்திலிருந்த அக்கா, பாசம் சொட்ட. "வீட்டுல இவன் சாக்ஸே போட மாட்டான். கட்டிக்கப் போறவ முன்னாடி என்ன கூச்சம்?"

அவன் காலை இழுத்துக்கொள்வதற்குள், கைக்குழந்தைக்குக் கழற்றுவதுபோல் சாக்ஸைப் பிடித்து உருவிவிட்டாள். பஞ்சு பாயில் உருண்டது. விரலில்லாத பாதம் வெளிச்சத்தில் கிடந்தது.

"ஐயோ, உங்கிட்ட இவன் சொல்லவே இல்லையாம்மா?"

"அக்காதான்... தானே சொல்றேன்னு..." என்று இழுத்தான்.

"நானா? நான் எப்படா சொன்னேன்?"

மருந்துக்கடைப் பெண் பாதத்தை நிதானமாகப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. "இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லங்க," என்றாள். "நீங்களும் மறைச்சீங்க பாருங்க." பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பின்னாலேயே ஓடத்தான் பார்த்தான். மரத்துப்போன காலில் ஊன்ற விரலும் இல்லை. சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்குப் போனபோது ஷூ வைக்கும் தட்டில் அவள் செருப்பு இல்லை. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான்.

அவள் பாதியில் விட்டுப்போன தட்டை அக்கா அவன் பக்கம் நகர்த்தினாள். "நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான், விடு. வீணாக்காம சாப்பிடு. சாயங்காலம் சின்னவள டியூஷன்ல கொண்டு விடணும்."

அந்த நிமிஷம் அக்காவின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் அவனுக்கு வெறுப்பு பொங்கியது. தட்டை இழுத்துக்கொண்டான்.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டான்.