மழையை எடுங்க

சைபர்பங்க் என்னும் வகை அறிவியல் கதைகளின் தொகுப்பு ஒன்றை நானும் என் கணவரும் தயாரித்துக்கொண்டிருந்தோம். அவர் மொழிபெயர்த்தார், நான் பிழை திருத்தினேன். முன்னுரை மட்டும் பாக்கி. சைபர்பங்க் என்றால் என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்கு எங்கள் சண்டை ஓயவே இல்லை. அச்சகக்காரர் போன் செய்தே ஓய்ந்துபோனார்.

"ராத்திரி, மழை, கலர் விளக்கு, கம்ப்யூட்டர் திருடன். இதெல்லாம் இல்லாம சைபர்பங்கே கிடையாது." இது அவர் கட்சி.

"அது வெறும் செட்டுங்க. செட்டைப் பிரிச்சா மிச்சம் என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க." இது என் கட்சி. விட்டுக்கொடுக்க நான் என்ன லேசுப்பட்டவளா?

அவருக்குக் காது கேட்பதே ஒரு கருவியால்தான். மண்டைக்குள் ஒரு சில்லு, காதுக்குப் பின்னால் அதோடு சேரும் வெளிக்கருவி. செய்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கி, பழைய மாடலைக் கைகழுவிவிட்டது. வெளிக்கருவி கெட்டால் வேறு கிடைக்காது. மண்டையை மறுபடி திறக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. கொஞ்ச நாளாக அது விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. அவர் கடைசியாகக் கேட்பது நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்று தினமும் காலையில் தீர்மானம் செய்வேன். டீ ஆறுவதற்குள் அது காற்றில் போய்விடும்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாள்கள். அவர் எழுதியதில் மறுபடியும் மழை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க மழையில என் தாளெல்லாம் ஊறிப்போச்சு. முதல்ல மழையை எடுங்க!"

"எடுத்துட்டு என்னத்தப் போடறது? நீயே சொல்லேன், எழுதிக்கறேன்" என்று பேனாவோடு குனிந்துகொண்டார்.

அப்போதுதான் எனக்கு வார்த்தை வந்தது. "உடம்பு நம்மளோடது, அதுக்குள்ள இருக்கற பொருளுக்கு முதலாளி வேற ஒருத்தன். அவன் கடையைச் சாத்திட்டா நாம என்ன ஆவோம்? அதைச் சொல்ற கதைதாங்க சைபர்பங்க். சரிதானே?"

அவர் குனிந்தபடியே இருந்தார். பேனா அசையவில்லை.

"ஏங்க?"

"என்ன, பேச்சையே காணோம்? கோவமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "சரி விடு. இந்தா, மழையை எடுத்துட்டேன்."

மழையை ஒரே கோடாக அடித்துவிட்டு நிமிர்ந்தார். என் வாய் அசைவதைப் பார்த்தார். அவர் கை மெல்லக் காதுக்குப் போனது. கருவியின் விளக்கு அணைந்திருந்தது. பேட்டரியை மாற்றினேன், கழற்றித் துடைத்து மாட்டினேன், சாமியையும் கூப்பிட்டேன். அது அசைந்து கொடுக்கவில்லை. அவர் காதில் கடைசியாக விழுந்தது என் எரிச்சல்தான்.

என் வாக்கியத்தை எழுதத்தான் பேனாவை வாங்கினேன். கை வரவில்லை. அடித்த கோட்டுக்கு மேலே 'மழை' என்று பெரிதாக எழுதி அவர் பக்கம் தள்ளினேன்.

படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அது எனக்கு மட்டும் கேட்டது.